ஐந்து நிமிட ரயிலும் பத்து நிமிட நடையும்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு ரயில் ஓடுகிறது. ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, செய்தித்தாளைப் பிரித்துத் தலைப்புகளைத் தாண்டுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் கிளம்பினால் பிரின்ஸ்டன் ஊருக்குள் போய் நிற்க ஐந்து நிமிடம். தூரம் சுமார் 4.3 கி.மீ. இடையில் நிறுத்தம் கிடையாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு பெட்டிகள்தான். அமெரிக்காவில் கால அட்டவணைப்படி தினசரி ஓடும் புறநகர் ரயில் தடங்களிலேயே ஆகக் குட்டையானது என்ற பெயர் இதற்கு உண்டு.

ஊர்க்காரர்கள் இதை ‘டிங்கி’ என்று அழைக்கிறார்கள். பொடிசு, சுண்டைக்காய் என்று செல்லமாகச் சொல்வது போன்ற சொல் அது. இன்னொரு பட்டப்பெயரும் உண்டு: ‘பி.ஜே. அண்ட் பி’. பால்டிமோர் அண்ட் ஒஹாயோ என்கிற பிரம்மாண்டமான ரயில் கம்பெனி தன்னை ‘பி அண்ட் ஓ’ என்று சுருக்கிக்கொண்ட காலத்தில், இந்தச் சுண்டைக்காய் ரயிலுக்கும் அதே மிடுக்கில் ஒரு பெயரைச் சூட்டினார்கள் குறும்புக்காரர்கள். அதன் விரிவு ‘பிரின்ஸ்டன் ஜங்ஷன் அண்ட் பேக்’. ஜங்ஷனுக்குப் போ, திரும்பி வா. அவ்வளவுதான் அதன் உலகம்.

கணினி வேலைக்காக நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்த தமிழர்களுக்கு பிரின்ஸ்டன் ஜங்ஷன் பழக்கமான பெயர்தான். நியூயார்க் நகரத்துக்கு வேலைக்குப் போகிற கூட்டம் காலையில் அங்கே மொய்க்கும். ஆனால், ஜங்ஷன் இருப்பது பிரின்ஸ்டனில் அல்ல. பக்கத்து வெஸ்ட் விண்ட்சரில். பெயரைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தேடி அங்கே இறங்குகிற வெளியூர்க்காரர் சுற்றுமுற்றும் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது கார்கள்தான். ஐன்ஸ்டைன் கடைசி இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த ஊரை அடைய அவர் இன்னொரு வண்டி மாற வேண்டும். ஏன் அப்படி? ஊர் ஓரிடத்திலும் அதன் பெயரைத் தாங்கிய நிலையம் வேறிடத்திலும் எப்படி அமைந்தன? அந்தக் கதையில்தான் குட்டி ரயிலின் பிறப்பு இருக்கிறது.

முதலில் வந்தது ரயில் அல்ல, கால்வாய். டெலவர் ஆற்றையும் ராரிட்டன் ஆற்றையும் இணைத்து வெட்டப்பட்ட கால்வாய் 1834-இல் திறக்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்த பெரும்புள்ளி ராபர்ட் ஸ்டாக்டன், பிரின்ஸ்டனைச் சேர்ந்தவர், கடற்படை அதிகாரி. கால்வாய்க் கம்பெனியும் ‘கேம்டன் அண்ட் ஆம்பாய்’ ரயில் கம்பெனியும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதைவிடக் கைகோத்துக்கொள்வது லாபம் என்று 1831-இலேயே முடிவுக்கு வந்திருந்தன. எனவே, டிரென்டனிலிருந்து நியூ பிரன்ஸ்விக் வரை ரயில் பாதை போட வேண்டிய வேளை வந்தபோது நிலத்துக்கு அலையவில்லை. கால்வாய்க் கரையோரமாகவே தண்டவாளத்தைக் கொண்டுபோனார்கள். 1839-இல் ரயில் ஓடியது. பிரின்ஸ்டனுக்கு நிலையம் கால்வாய்த் துறையில். ஊர் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர்.

கால்வாய் வளைகிற இடத்தில் ரயிலும் வளைந்தது. படகுக்கு அது பொருட்டல்ல. வேகம் கூடக்கூட ரயிலுக்கு அது தலைவலியாகிவிட்டது. 1860-களில் உள்நாட்டுப் போர் வேறு. நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே படைவீரர்களும் தளவாடங்களும் போகிற முக்கியத் தடத்தில் இந்தப் பாதையும் ஒரு கண்ணி. வளைவுகளை நிமிர்த்தியே தீர வேண்டியதாயிற்று. 1863 நவம்பரில் கிழக்கே தள்ளி, நூல் பிடித்தது போன்ற புதிய பாதை திறக்கப்பட்டது. இன்று நியூயார்க்–வாஷிங்டன் விரைவு ரயில்கள் சீறிப்பாய்வது அந்தத் தடத்தில்தான்.

வேகத்துக்கான விலையைக் கொடுத்தது பிரின்ஸ்டன். ஊரை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த ரயில் ஒரே நாளில் நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. ஒன்றரை ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1865 மே 29 அன்று, புதிய பெருந்தடத்திலிருந்து ஊருக்குள் ஒரு கிளைப் பாதை திறக்கப்பட்டது. இழப்பீடு போலத்தான் இதைக் கொடுத்தார்கள். ஆனால், அதில் ஓர் எதிர்பாராத லாபம் இருந்தது. பழைய பாதை கால்வாயோடு ஊரின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. கிளைப் பாதையோ ஊரை நோக்கி நேராக வந்தது. எனவே, பழைய நிலையத்தைவிட ஊரின் நெஞ்சுக்கு அருகே அதனால் வர முடிந்தது.

இந்த ‘அருகே’ என்ற சொல்லை வாசகர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குட்டி ரயிலின் 160 ஆண்டு வரலாறே அந்தச் சொல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்த வரலாறுதான். நூறு கிலோமீட்டர் போகிற ரயில் கடைசி நிலையத்தை நூறு மீட்டர் முன்னே நிறுத்தினாலும் பயணி முணுமுணுத்துவிட்டு நடப்பார். ஐந்து நிமிட ரயிலில் அது செல்லாது. அங்கே பயணம் என்பதே இறங்கிய பிறகு நடக்கிற நடையையும் சேர்த்துத்தான். நிலையம் எங்கே இருக்கிறது என்பது ரயில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைவிட முக்கியம். நிலையம் நிற்கும் நிலம் யாருடையது என்பது அதைவிடவும் முக்கியம்.

அருகே வந்ததன் உச்சம் 1897. பல்கலைக்கழகம் அந்த ஆண்டு பிளேர் ஹால் என்ற மாணவர் விடுதியைக் கட்டி முடித்தது. கோட்டை வாசல் மாதிரி ஒரு கோபுரம், அதன் கீழே வளைவு, வளைவிலிருந்து கீழிறங்கும் அகலமான படிக்கட்டு. படி முடிகிற இடத்தில் ரயில் நின்றது. வண்டியை விட்டு இறங்குகிற புது மாணவன் அண்ணாந்து பார்த்தால் கோபுரம், படியேறினால் பல்கலைக்கழகம். கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்த ஜான் இன்ஸ்லி பிளேர் யார் என்றால், ரயில் பாதைகள் போட்டே பெரும் செல்வம் சேர்த்தவர். ரயில்காரர் காசில் எழுந்த வாசலுக்கு ரயிலிலேயே வந்து சேர்வதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்தது.

ஆனால், நீராவி இன்ஜின் புகை கோபுரத்தின் அழகு பார்த்து விலகிப் போகாது. விடுதிச் சன்னலுக்குக் கீழே கரியும் சத்தமுமாக ஒரு ரயில் முற்றம். 1918-இல் நிலையத்தைத் தெற்கே கால் மைல், அதாவது 400 மீட்டர், தள்ளிக் கட்டினார்கள். தண்டவாளம் பிடுங்கப்பட்ட இடத்தில் அடுத்த பத்தாண்டுகளில் வரிசையாக விடுதிகள் எழும்பின. பிளேர் ஹாலின் பெரிய படிக்கட்டு மட்டும் இன்றும் இருக்கிறது. எதற்காக அவ்வளவு அகலமான படி என்று சுற்றுலாப் பயணிகள் யோசிப்பது இயல்பு. அது ஒரு ரயிலுக்காகக் காத்திருந்த படி.

முதல் இடமாற்றம் யாரையும் பெரிதாகப் புண்படுத்தியதாகத் தெரியவில்லை. அன்று ரயிலுக்கு மாற்று அதிகம் இல்லை. நிலையம் எங்கே இருந்தாலும் ஜனங்கள் அங்கே போனார்கள். பாதை 1905-இலேயே இரட்டை வழியாக்கப்பட்டிருந்தது. அமெரிக்கக் கால்பந்துப் போட்டி நாட்களில் நியூயார்க்கிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் சிறப்பு ரயில்கள் நேராகக் கிளைப் பாதைக்குள் வந்து அடுக்கி நிற்கும். யேல் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். 1930-களில் பெருந்தடத்தோடு சேர்த்து இந்தக் குட்டித் தடத்துக்கும் மின்கம்பி போட்டார்கள்.

அந்தக் காலத்தின் கொண்டாட்ட மனநிலையைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் இளங்கலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969-இல்தான். அதுவரை வார இறுதி விருந்துகளுக்கு வெளியூர்த் தோழிகள் வந்திறங்குவது டிங்கியில். 1963 வசந்தகாலத்தில் ஒரு நாள், நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு திறந்த கார் நின்றது. ஓட்டுநர் பிரேக் போட்டார். குதிரையில் வந்த நான்கு மாணவர்கள், கௌபாய்ப் படம் போல, வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியோடு ரயிலில் ஏறினார்கள். நான்கு தோழிகளைக் ‘கடத்தி’க்கொண்டு குதிரையிலேயே போனார்கள். கிழக்குக் கடற்கரையின் ஆகப் பாதுகாப்பான ஊர்களில் ஒன்றில் நடந்த ரயில் கொள்ளை அது. இன்று யாராவது இப்படி ஒரு வேடிக்கையை முயன்றால் ஹெலிகாப்டர் வந்துவிடும்.

ரயில் ஓடும் விதம் எளிமையானது, அழகானதும்கூட. 1950-களில் இரண்டாவது தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். இன்று ஒரே தண்டவாளம், அதில் ஒரே ரயில். எதிரே வருவது என்று எதுவும் இல்லை. முந்துவது என்று எதுவும் இல்லை. இன்ஜினைக் கழற்றித் திருப்பி மாட்டுகிற வேலை நீராவிக் காலத்தோடு போயிற்று. மின்தொடர் வண்டிக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் ரயில் திரும்புவதில்லை. ஓட்டுநர்தான் கைப்பிடியை எடுத்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கிறார். நாள் முழுக்க அதே கால்வாய்ப் பாலம், அதே நெடுஞ்சாலை மேம்பாலம், ஊருக்குள் நுழையும்போது அதே லெவல் கிராசிங். தறியில் நாடா ஓடுவது போல.

ஆனால், இந்த எளிமை முழுக்க ஓர் ஒட்டுத் தையலில் தொங்கிக்கொண்டிருக்கிறது: ஜங்ஷனில் வண்டி மாறுவது. டிங்கிக்கென்று ஜங்ஷனில் தனியாக ஒரு குட்டி நடைமேடை, பெருந்தடத்தின் மேற்குப் பக்கத்தில். சாயங்காலம் நியூயார்க்கிலிருந்து திரும்புகிறவர் இறங்கும் நடைமேடையும் அதே பக்கம்தான், நாலெட்டில் மாறிவிடலாம். காலையில் நியூயார்க் போகிறவர் சுரங்க நடைபாதையில் இறங்கி நான்கு தண்டவாளங்களுக்கு அடியில் கடந்து மறுபக்கம் ஏற வேண்டும். ஐந்து நிமிட ரயில் இரண்டு நிமிடம் பிந்தினால் அந்த ஓட்டத்தில் நியூயார்க் வண்டி கைநழுவும். அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் டிங்கியின் மொத்தப் பயண நேரத்தைப் போல பல மடங்கு. குறுகிய கிளைப் பாதைகளை அளப்பதற்கு வேகமோ சொகுசோ சரியான அளவுகோல் அல்ல. பெரிய ரயில் தாமதமாக வந்தால் சின்ன ரயில் காத்திருக்குமா? இந்த ஒரு கேள்விக்கு நம்பிக்கையான பதில் இருந்தால்தான் ஜனங்கள் வீட்டில் காரை விட்டுவிட்டு வருவார்கள்.

இத்தனை காலத்தில் முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1871-இல் பென்சில்வேனியா ரயில் கம்பெனி இந்தப் பகுதிப் பாதைகளை 999 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆயிரத்துக்கு ஒன்று குறைவு! அன்றைய தன்னம்பிக்கைக்கு அதுதான் அளவு. 1968-இல் அந்தக் கம்பெனி தன் பரம எதிரியான நியூயார்க் சென்ட்ரலோடு இணைந்து பென் சென்ட்ரல் ஆனது. 1970-இல் பென் சென்ட்ரல் திவாலானது. 999 ஆண்டுக் குத்தகையில் 99 ஆண்டுகள்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. பிறகு 1976-இல் கான்ரெயில் என்ற கூட்டாட்சி அரசின் ஏற்பாடு. 1983-இல் நியூஜெர்சி மாநில அரசின் போக்குவரத்து நிறுவனமான ‘நியூஜெர்சி டிரான்சிட்’ கைக்குப் புறநகர் ரயில்கள் வந்தன. தனியார் கைவிட்ட ரயிலைப் பொது நிறுவனம் தூக்கி நிறுத்தியது, டிங்கி பிழைத்தது. இது பாராட்டத்தக்க அத்தியாயம்.

அடுத்த ஆண்டே ஒரு பிழையும் நடந்தது. 1984-இல் பிரின்ஸ்டன் நிலையக் கட்டடங்களையும் நிலத்தையும் டிரான்சிட் நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு விற்றது. விலை ஒன்பது லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. ரயில் வந்து போகிற உரிமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. புதிதாகப் பொறுப்பேற்ற நிறுவனம், கையில் காசில்லை, பழைய கட்டடங்களைப் பராமரிப்பது சுமை. வாங்குகிறவரோ உள்ளூரின் மதிப்புமிக்க பல்கலைக்கழகம். அன்றைய கணக்கில் அது நல்ல பேரமாகவே தெரிந்திருக்கும். ஆனால், நிலையம் என்பது தூணும் கூரையும் அல்ல. ஊருக்குள் ரயிலுக்கு இருக்கிற காலடி மண். அதை விற்றவன் பிறகு வாடகைக்காரன் கணக்கில்தான் நிற்க முடியும்.

அந்த வாடகைக் கணக்கு தீர்க்கப்பட்டது கால் நூற்றாண்டு கழித்து. 2006-இல் பீட்டர் லூயிஸ் என்கிற காப்பீட்டுத் தொழிலதிபர், பிரின்ஸ்டனின் முன்னாள் மாணவர், கலைக் கல்விக்காக 10.1 கோடி டாலர் கொடுத்தார். நாடகம், இசை, நடனத்துக்கெல்லாம் புதிய வளாகம் கட்டப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த இடம் ரயில் நிலையத்தைச் சுற்றிய பகுதி. திட்டத்தின் பெயரிலேயே போக்குவரத்தும் இருந்தது: ‘கலையும் போக்குவரத்தும்’. ஆனால், அதன்படி ரயில் நிலையம் இன்னும் 460 அடி, அதாவது 140 மீட்டர், தெற்கே நகர வேண்டும்.

ஊர் கொந்தளித்தது. ‘சேவ் தி டிங்கி’ என்றே ஓர் அமைப்பு உருவானது. 140 மீட்டர்தானே என்று கேட்டவர்களுக்கு அவர்கள் சொன்ன பதில் நியாயமானது: 1918-இலும் இப்படித்தான் கேட்டிருப்பீர்கள். 1984 ஒப்பந்தத்தின் வாசகங்களை வக்கீல்கள் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்கள். இடம் மாற்றும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறதா, அதை முன்பே பயன்படுத்தியாயிற்றா என்று வழக்குகள் நடந்தன. இதற்கு நடுவே, பிரின்ஸ்டன் என்ற ஒரே பெயரில் அதுவரை தனித்தனியாக இருந்த இரண்டு உள்ளாட்சிகள் 2013 ஜனவரி 1 அன்று ஒன்றாக இணைந்தன. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அந்த ஆண்டு ஆகஸ்டில் பழைய நிலையம் மூடப்பட்டது. தற்காலிக நிலையத்தில் ஓராண்டுக்கு மேல் ஓட்டிவிட்டு, 2014 நவம்பர் 17 அன்று புதிய நிலையம் திறக்கப்பட்டது. தண்டவாளம் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

பல்கலைக்கழகத்தை வில்லனாக்குவது சுலபம், சரியல்ல. இந்த ரயிலில் ஏறுகிறவர்களில் பெரும் பங்கு அதன் மாணவர்களும் விருந்தினர்களும்தான். அரிசோனாவின் கட்டடக் கலைஞர் ரிக் ஜாயை அழைத்து வந்து புதிய நிலையத்தைக் கட்டியது. மாணவர்கள் இரவு இரண்டு மணிக்கு சாண்ட்விச் வாங்க ஓடுகிற வாவா கடையை நிலையத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி அமைத்தது. தன் இலவசப் பேருந்துகளில் ஊர்க்காரர்களும் ஏறிக்கொள்ளலாம் என்றது. ஒரு தனியார் நிறுவனம் தன் நிலத்தில் இத்தனை செய்வது சாதாரணமல்ல. ஆனால், நிலையத்தை நகர்த்தச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று, புதிய வளாகத்துக்கும் கார் நிறுத்தகத்துக்கும் தண்டவாளம் குறுக்கிடாமல் சாலை போடுவது. ரயிலுக்கு வழிவிடக் கார்கள் நிற்பதுதான் லெவல் கிராசிங்கின் நியதி. இங்கே காருக்கு வழிவிட ரயில் பின்வாங்கியது. கலைக்காக என்று சொன்னாலும், வென்றது கார்தான்.

பிளேர் ஹால் படிக்கட்டிலிருந்து கணக்குப் போட்டால் நிலையம் அரை கிலோமீட்டருக்கு மேல் விலகிவிட்டது. இன்று ரயிலை விட்டு இறங்கி, மேடேறி, ஊரின் கடைவீதியான நாசோ தெருவை அடையப் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். ரயில் பயணத்தைப் போல இரண்டு மடங்கு. பனிக்காலத்தில், கையில் பெட்டியோடு, முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு அது எவ்வளவு நேரம் என்று எந்தக் கால அட்டவணையிலும் போடுவதில்லை.

பேருந்து விட்டால் போதாதா? இந்தக் கேள்வி டிங்கியின் தலைக்கு மேல் எப்போதும் தொங்குகிறது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு அதே தடத்தில் பேருந்துக்கு மட்டுமான சாலை போடலாம் என்ற யோசனையை டிரான்சிட் நிறுவனமே ஒரு கட்டத்தில் ஆராய்ந்தது. வாதத்தில் சரக்கு இல்லாமலில்லை. பேருந்து, ரயில் நிலையத்தோடு நின்றுவிடாது; நாசோ தெரு வரை போகும். செலவும் குறைவு.

இதற்கு ஒரு நேரடிச் சோதனையும் நடந்தது, யாரும் திட்டமிடாமலே. ஓட்டுநர் தவறினாலும் ரயில்கள் மோதாமல் தானே நிறுத்துகிற பாதுகாப்பு அமைப்பைப் பொருத்தும்படி 2008-இலேயே அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதில் பின்தங்கியிருந்த டிரான்சிட் நிறுவனம், 2018 கெடு நெருங்கியபோது பெட்டிகளுக்கும் ஊழியர்களுக்கும் தட்டுப்பாடு என்று சொல்லி, அந்த ஆண்டு அக்டோபரில் டிங்கியை நிறுத்தியது. எதிர்வண்டியே இல்லாத தடம், மோதலைத் தடுக்கும் அமைப்புக்காக முடங்கியது. மாற்றாகப் பேருந்துகள் ஓடின. ரயில் திரும்பி வந்தது 2019 மே மாதம்.

பேருந்து ஓடிய அந்தத் தடத்தின் குறுக்கே இருப்பது ரூட் 1 என்ற நெடுஞ்சாலை. காலையிலும் மாலையிலும் அங்கே கார்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ரயில் அதற்கு மேலே பாலத்தில் போய்விடும். சாலையில் போகிற பேருந்து அந்த நெரிசலில் நிற்கும். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம் என்று ரயில் கொடுக்கிற வாக்கைப் பேருந்தால் கொடுக்க முடியாது. பெருந்தட ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்கு அந்த வாக்குத்தான் வேண்டும். ஜங்ஷன் வரை காரில் போய் அங்கே நிறுத்தலாமே என்றால், பல ஆண்டுகளாக அங்கே வண்டி நிறுத்தும் மாதாந்திர அனுமதிக்கே நீண்ட காத்திருப்போர் பட்டியல் இருந்தது. டிங்கியில் வருகிற ஒவ்வொருவரும் ஒரு கார் நிற்கும் இடத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார். டிங்கியின் வரவு செலவுக் கணக்கில் அந்த மிச்சத்தை யாரும் வரவு வைப்பதில்லை.

குட்டி ரயிலைக் குட்டி ரயிலாகவே நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அட்லாண்டிக்கின் மறுகரையில் ஓர் உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்கு மேற்கே ஸ்டவர்பிரிட்ஜ் என்ற ஊர். அங்கேயும் பெருந்தடம் ஊரைத் தள்ளிப் போகிறது. அங்கேயும் ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் ஒரு கிளை. 1879-இல் திறந்தார்கள். நீளம் 1.3 கி.மீ. மூன்று நிமிடப் பயணம். இதற்குப் பக்கத்தில் டிங்கியே நெடுந்தூர ரயில்.

இந்தச் சரிவான சின்னத் தடத்தில் நெடுங்காலம் பெரிய தடத்து வண்டிகளையே ஓட்டிவந்தார்கள். எலிப்பொறி வைக்க வேண்டிய இடத்தில் யானையைக் கட்டியது போல. 2009-இல் மாற்றினார்கள். உள்ளூர் பொறியாளர் ஜான் பாரியின் நிறுவனம் வடிவமைத்த சிறிய வண்டி அது. திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயுவில் ஓடும் ஒரு ஃபோர்டு இன்ஜின். கூடவே தரைக்கு அடியில் 500 கிலோ எடையுள்ள ஒரு சுழல் சக்கரம். பிரேக் போடும்போது வீணாகிற ஆற்றலை அந்தச் சக்கரம் சுழன்று சேமித்துக்கொள்கிறது. மேடேறும்போது திருப்பிக் கொடுக்கிறது. குயவர் சக்கரம் ஒரு தள்ளுக்குப் பிறகு தானே சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் புரியும். ஒரு வண்டியில் அறுபது பேர் வரை ஏறலாம். அப்படி இரண்டு வண்டிகள். ஒன்று ஓடும், மற்றது மாற்றுக்கு. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை புறப்படுவதால் யாரும் அட்டவணை பார்ப்பதில்லை. நிலையத்துக்குப் போனால் ரயில் இருக்கும், அல்லது வந்துகொண்டிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்டவர்பிரிட்ஜிலும் ஊர் முனை நிலையத்தைப் பின்னுக்கு நகர்த்தினார்கள். 1979-இல், சுமார் 60 மீட்டர். அங்கே விட்டுக்கொடுத்த இடத்தில் எழுந்தது பேருந்து நிலையம். ரயிலிலிருந்து இறங்கியவர் பேருந்துக்கு நடக்க வேண்டிய தூரம் அதனால் குறைந்தது. தண்டவாளம் சுருங்கியது, பயணம் சுருங்கவில்லை. நிலையம் ஓர் அங்குலம்கூட அசையக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சாட்சி. யாருக்காக அசைகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

பிரின்ஸ்டனில் இப்போது ஓடுகிற பெட்டிகள் ‘ஆரோ 3’ வகை. 1977-78-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கட்டியவை. அரை நூற்றாண்டை நெருங்கிய இந்தப் பெட்டிகள் பெருந்தடத்து வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. இங்கே முழு மூச்சு விடுவதற்குள் பிரேக் பிடிக்க வேண்டும். இவை ஓய்வுபெறும் வேளைதான் முடிவெடுக்க வேண்டிய வேளை. தடத்தில் டிராம் போன்ற இலகு ரயிலை விடுவது, கூடவே பேருந்தும் அதே பாதையைப் பகிர்ந்துகொள்வது என்றெல்லாம் திட்டங்கள் ஆராயப்பட்டிருக்கின்றன. இலகு ரயில் என்றால் தெருவிலேயே ஓடலாம். லெவல் கிராசிங்கும் பெரிய நிலையமும் தேவையில்லை. ஸ்டவர்பிரிட்ஜின் பாடம் இங்கே பொருந்தும்: தடத்துக்கு ஏற்ற வண்டி, அடிக்கடி வருகிற வண்டி. ஆனால், வண்டியை மட்டும் மாற்றிவிட்டு முனையை அங்கேயே விட்டுவைத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

டிங்கி சர்ச்சை சூடாக இருந்த நாட்களிலேயே ஊரில் ஒரு யோசனை பேசப்பட்டது. தண்டவாளத்தை நிலையத்தோடு நிறுத்தாமல், டிராம் பாதையாகத் தெருவோடு மேலே கொண்டுபோய் நாசோ தெரு வரை நீட்டினால் என்ன? 1918-லிருந்து ஊரைவிட்டு விலகிக்கொண்டே வந்த ரயில் முதல்முறையாக ஊரை நோக்கித் திரும்பும். அதற்கு வேண்டியது ஒரு கிலோமீட்டர் அளவுத் தண்டவாளம்தான். அந்தப் பாதை பல்கலைக்கழகத்தின் வாசல்களைத் தொட்டுக்கொண்டு, 1918 நிலையக் கட்டடங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கட்டடங்களை இடிக்காமல் புதுப்பித்து உணவகமாக்கியிருக்கிறார்கள். பயணிகள் காத்திருந்த கூடத்தில் மேஜை போட்டிருக்கிறார்கள். ரயில் நிற்பது அங்கிருந்து 140 மீட்டர் தள்ளி.